இரண்டாவது கியர்

ரெமிஜியஸ் பஹ்ரைனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த நாற்பதாம் நாள், காரைக்காலுக்குப் போய் ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கினதுதான் வாங்கினார், குடும்பத்தோடு உட்காருகிற மாதிரி ஒன்றை வாங்கியிருக்கக் கூடாதா? இரண்டே இரண்டு சீட்டு. மேலே கூரை கிடையாது. துணிக்கூரை ஒன்று இருந்ததாம், அதை எலி தின்றுவிட்டதாம். தரையோடு தரையாகக் கிடக்கும் அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் ரோட்டில் போகிற ஆட்டின் மூஞ்சி நம் மூஞ்சிக்கு நேரே வரும். போதாக்குறைக்குச் சிவப்பு நிறம் வேறு.

"அறுபத்தெட்டாம் வருஷத்துச் சீமை வண்டி அமலு. பந்தயத்துக்கு ஓட்டுற ரகம்" என்றார் ரெமிஜியஸ்.

"கீழ்வேளூர்ல என்னைக்குங்க பந்தயம்?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

அவர் துடைக்கிற துணியை உதறிக்கொண்டு வண்டியின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மனாமாவில் ஒரு கராஜில் பதினேழு வருஷம் கியர் பாக்ஸ் வேலை பார்த்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இந்த மாதிரி வண்டிகளை ஓட்டி, கியர்ப் பல்லை உடைத்துக்கொண்டு வருவார்கள். இவர் இறக்கி, பிரித்து, பூட்டி, கராஜ் வாசல் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார். வாசலைத் தாண்டி ஒரு நாளும் ஓட்டினதில்லை. அந்த ஆசை பதினேழு வருஷமாக உள்ளேயே கிடந்திருக்கிறது. அது அமலோற்பவத்துக்கும் தெரியும். தெரிந்தாலும் கோபம் கோபம்தானே.

முதல் வாரம் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. இரண்டாம் வாரம் கத்த ஆரம்பித்தது. அடேயப்பா, அது என்ன கத்தல்! தெருமுனையில் வரும்போதே வீட்டுக் கோழிகள் எல்லாம் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. ரெமிஜியஸ் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, அவளுடைய பழைய அலுமினியக் குண்டானைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து அடியில் வைத்து, கியர் ஆயிலை வடித்தார். வடிந்த ஆயில் கஞ்சி மாதிரிக் கெட்டியாக இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"இரும்புத் தூளும் இல்ல, பித்தளைத் தூளும் இல்ல. என்னான்னே தெரியலியே."

குண்டானுக்காகச் சண்டை போட வந்த அமலோற்பவம் குனிந்து ஒரு மூச்சு முகர்ந்தாள். அவ்வளவுதான், ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

"தவிடுங்க. புழுங்க நெல்லுத் தவிடு. நம்ம மாட்டுக்கு வைக்கிறோம்ல, அதேதான்."

கீழ்வேளூர் டிராக்டர் மெக்கானிக் சாமிதுரை அப்போது அங்கே இருந்தார். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "விக்கிறப்ப போடுறதுதாண்ணே. ஒரு படி தவிட்ட போட்டு மூடிட்டா ஒரு வாரத்துக்குச் சத்தம் அமுங்கிக் கெடக்கும். நீங்க வெளிநாட்டுல இருந்ததால தெரியல."

பதினேழு வருஷ கியர் பாக்ஸ்காரரைக் காரைக்கால்காரன் ஒரு படி தவிட்டில் ஏமாற்றிவிட்டான். ரெமிஜியஸ் கொஞ்ச நேரம் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அமலோற்பவமும் சிரித்தாள். அவர் ஊருக்கு வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்ததில் மற்ற மூன்று கியரும் தேறிவிடும், இரண்டாவதுதான் போய்விட்டது என்று தெரிந்தது. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உள்ளே சுற்றுகிற இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் சண்டையில்லாமல் சேரும். அப்படிச் சேர்த்து வைக்க உள்ளே ஒரு பித்தளை வளையம் இருக்கிறது, கைவளையல் அளவுக்கு. அது தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அதோடு சேர்ந்து கியரைக் கவ்விப் பிடிக்கிற பல்லும் மழுங்கிவிட்டது. அதனால் இரண்டாவதில் போட்டால் கரகரவென்று அரைக்கும். அரைத்து உள்ளே போனாலும் தங்காது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணம் கியர்க் கம்பி டக்கென்று துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும்.

அரைக்கிறதுக்கு ரெமிஜியஸிடம் வைத்தியம் இருந்தது. கிளட்சை ஒரு தரம் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துப் போடுவார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். துள்ளுவதற்குத்தான் வைத்தியம் இல்லை. ஒரு கையால் கம்பியைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் பக்கத்து ரோடோ முழுக்க முழுக்க இரண்டாவது கியர் ரோடு. பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், நடுவில் ஆடு. முதல் கியரில் போனால் வண்டி சூடாகிறது. மூன்றாவதில் போனால் அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஒரே கையால் வளைத்து வளைத்து ஓட்டி, மனுஷன் தோள்பட்டை வீங்கி வருவார்.

"நீ பக்கத்துல உக்காந்து அந்தக் கம்பிய மட்டும் புடிச்சுக்கயேன் அமலு" என்று ஒரு நாள் கேட்டார்.

"எனக்கு வேற வேலவெட்டி இல்லியா? அதுல ஏறி உக்காந்தா ஊரே கூடி நின்னு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். வேலை இருந்ததென்னவோ உண்மைதான்.

நிலம் அவள் அப்பா வழியில் வந்தது, மூன்று ஏக்கர். ரெமிஜியஸ் நாகப்பட்டினம் டவுனில் பிறந்தவர். கல்யாணமான மூன்றாம் வருஷமே பஹ்ரைன் போய்விட்டார். விதைப்பு, நடவு, உரம், ஆள், கரண்ட் ஆபீஸ், பட்டா மாற்றம், மகன் எல்வினின் படிப்பு எல்லாவற்றையும் இந்தப் பதினேழு வருஷமும் அவள்தான் பார்த்தாள். எல்வின் டிப்ளமோ முடித்து இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், இனிமேல் அப்பா அலைய வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். அதை நம்பித்தான் ரெமிஜியஸ் வந்தார். வந்த புதிதில் வயல் வேலையும் செய்து பார்த்தார். நெல்லை அறுப்பதற்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். அறுத்தபின் தாளுக்கு நடுவில் முளைத்து நிற்கும். அதைக் களை என்று நினைத்து, விடியற்காலையில் யாருக்கும் சொல்லாமல் எழுந்து போய், ஒரு வரப்பு நீளத்துக்குச் சுத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டார். நடவு ஆட்களுக்குத் தலைவி காளியம்மாள் வந்து பார்த்துவிட்டு, "சாரை எதுக்கும்மா வயக்காட்டுக்கு அனுப்புறீங்க? காருலயே இருக்கட்டும், உளுந்தாவது மிஞ்சும்" என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அமலோற்பவமும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் வயல் பக்கம் வரவில்லை. கொட்டகையும் காருமே கதி என்று ஆனார்.

ஏப்ரல் கடைசியில் ஏஜென்ட் மூலமாக ஒரு கவர் வந்தது. பழைய கராஜ்காரன் அவருக்குப் புது விசா அனுப்பியிருந்தான். மத்தியானம் சாப்பிடும்போது ரெமிஜியஸ் சொன்னார்:

"திரும்பக் கூப்புடுறான். வண்டிய முடிச்சுட்டுக் கெளம்பிடலாம்னு பாக்குறேன். ரெண்டாவது கியரு மட்டும் சரியாவட்டும். வளையத்துக்கும் மத்ததுக்கும் அங்க கூட்டாளிகிட்ட சொல்லியிருக்கேன், ஆள் வர்றப்ப குடுத்து விடுவான்."

"சரிங்க" என்றாள் அமலோற்பவம். ரசத்தை ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பதினேழு வருஷப் பழக்கம்.

கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது முழுசாக உறைத்தது. அவளுக்கு அவர் போக வேண்டாம். துளியும் வேண்டாம். ஆயில் நாற்றத்தோடு அவர் வீட்டுக்குள் வருவதும், சர்க்கரை டப்பா எங்கே என்று தினமும் கேட்பதும், மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதும் எல்லாமே அவளுக்கு வேண்டும். அதை வாயைத் திறந்து சொல்லத்தான் வரவில்லை. நம் பக்கத்துச் சபுராளிகளின் வீட்டில், அதாவது கடல் தாண்டிப் போகிறவர்களின் வீட்டில், பெண்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. போகிறவர் முன்னால் அழக் கூடாது, இருங்கள் என்று சொல்லக் கூடாது. சொன்னால் போகிற இடத்தில் மனசு நிற்காது, கை கால் போய்விடும் என்பார்கள். ஒவ்வொரு லீவு முடிந்தும் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் நின்று சிரித்துக் கையாட்டிவிட்டுத்தான் அவள் வீடு திரும்புவாள். சிரிக்கப் பழகிய வாய்க்கு வேறு வார்த்தை மறந்துவிட்டது.

மே மாதம் நாகூரிலிருந்து ஹபீபுன்னிசா போன் செய்ததாக எஸ்.டி.டி. பூத்காரர் வந்து தகவல் சொன்னார். பார்சல் வந்திருக்கிறதாம். ஹபீபுன்னிசாவின் வீட்டுக்காரரும் பஹ்ரைன்தான். அங்கேயிருந்து யார் லீவில் வந்தாலும் மற்றவர்களின் பொருளையும் கடிதத்தையும் சுமந்து வருவார்கள், வீட்டுப் பெண்கள் போய் வாங்கிக்கொள்வார்கள். அப்படிப் பதினைந்து வருஷமாகக் கொடுத்து வாங்கி ஏற்பட்ட சிநேகம். அமலோற்பவம் அவளை லாத்தா என்று கூப்பிடுவாள், நாகூர் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ரெமிஜியஸிடம் பூத்காரர் வந்ததைச் சொல்லாமல் அவள் பஸ் ஏறினாள். பார்சல் வெள்ளைத் துணியில் தைத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கைக்கு அடக்கமாக இருந்தாலும் நல்ல கனம். அதை மடியில் வைத்துக்கொண்டு ஹபீபுன்னிசா கொடுத்த டீயைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா புள்ள, மூஞ்சி இப்புடி இருக்கு?"

"இத அவர்கிட்ட குடுத்தா வண்டி சரியாயிடும் லாத்தா. வண்டி சரியானா அவரு போயிடுவாரு."

ஹபீபுன்னிசாவுக்குத் தெரியாததா? லீவில் வந்திருக்கும் அவள் வீட்டுக்காரரும் அடுத்த மாதம் கிளம்புகிறார்.

"இது அமானிதம். ஒப்படைக்க வேண்டியது எங்க பொறுப்பு, ஒங் கையில ஒப்படைச்சாச்சு. அதுக்கப்புறம் நீ அத வீட்டுக்குக் கொண்டு போறியா, கடல்ல போடுறியான்னு நான் கேக்கப் போறதில்ல. டீயக் குடி, ஆறுது."

கடலில் போட அவளுக்கு மனசு வரவில்லை. அவர் பொருள் அல்லவா. வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, விதைநெல் தகர டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு அடியில் புதைத்தாள். பொன்மணி விதை, ஆவணியில்தான் எடுப்பாள். அதுவரை அந்த டிரம்மை அவளைத் தவிர யாரும் தொட மாட்டார்கள்.

அப்புறம் ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ரெமிஜியஸ் வாரம் தவறாமல் கியர் பாக்ஸை இறக்குவார், பிரிப்பார், தேய்ந்த வளையத்தைத் துடைத்துப் பார்ப்பார், அதையே மறுபடி போட்டுப் பூட்டுவார். "பார்சல் வந்துச்சான்னு கேட்டுட்டு வர்றேன்" என்று பூத்துக்குப் போவார். திரும்பி வந்து "இன்னும் வரலியாம்" என்பார். "வரும்ங்க" என்பாள் இவள். சொல்லிவிட்டு விதைநெல் டிரம் பக்கம் பார்க்காமல் நடந்துவிடுவாள். பொய் சொல்லுகிற பயத்தோடு சந்தோஷமும் சேர்ந்தே இருந்தது, அதுதான் வேடிக்கை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பங்குச் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புருஷனுடைய கியரை ஒளித்துவைத்தேன் என்றால் கூண்டுக்குள்ளேயே சிரித்துவிடுவார். "ஒருத்தரோட பொருள மறைச்சு வெச்சிருக்கேன் சாமி" என்றாள். திருப்பிக் கொடுத்துவிடு, பத்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு என்றார் சாமியார். பத்துக்கு இருபதாகச் சொல்லிவிட்டாள். திருப்பித்தான் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் வர ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது. வாய்க்காலில் நுரையோடு தண்ணீர் எட்டிப் பார்த்த அன்று காலை, விதை ஊறப் போடுவதற்காக அமலோற்பவம் டிரம்மைத் திறந்தாள். நெல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டே வந்தவள் அடியில் கை பட்டதும் பார்சலை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

வெள்ளைத் துணியில் கறுப்பாக இரண்டு கட்டைவிரல் ரேகை. கிரீஸ் ரேகை.

தையல் பிரிந்திருந்தது. கயிறு வேறு மாதிரி முடிச்சில் இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே பித்தளை வளையம் மஞ்சளாக மின்னியது, பக்கத்தில் பல்லு வைத்த இரும்பு உருளை ஒன்று. இரண்டின் மேலும் துருப்பிடிக்காமல் இருக்கப் புதிதாக ஆயில் தடவியிருந்தது. பார்சலைத் திருட்டுத்தனமாகத் திறந்த மனுஷனுக்கு ஆயில் தடவாமல் மூட மட்டும் மனசு வரவில்லை! வளையத்துக்குள் ஒரு காகிதம் சுருட்டிச் செருகியிருந்தது. விரித்தாள். ஏப்ரலில் வந்த அதே விசா. கடைசித் தேதியைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். ஜூலை முப்பத்தொன்று. அது போய் நாலு வாரம் ஆகிவிட்டது.

அமலோற்பவம் நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, அடப் பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்சலைப் பின்னால் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் தெரிந்தது.

"ஏங்க."

"ம்."

"அந்தப் பார்சல் வந்துச்சாங்க?"

"இன்னும் வரல." குரலில் கொஞ்சமாவது தடுமாற்றம் வேண்டுமே!

"வருமா, வராதா?"

"சந்தேகந்தான். நாடு விட்டு நாடு வர்ற பொருளு. எங்கயாச்சும் மாட்டியிருக்கும்."

"எங்க மாட்டியிருக்கும்? விதைநெல்லுலயா?"

ஸ்பானர் தரையில் விழுந்தது. கால் இரண்டும் அசையாமல் கிடந்தன. பிறகு மெல்ல மெல்ல உடம்பு வெளியே வந்தது. மூக்கு நுனியில் கிரீஸ். அவள் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, உளுந்தைப் பிடுங்கிய அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றார்.

"உங்களுக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

"ஜூன்ல. நாகூருக்குப் போயிருந்தப்ப ஹபீபுன்னிசா வீட்டுக்காரரு பாத்துட்டு, வளையம் மாட்டியாச்சான்னாரு. மே மாசமே குடுத்தாச்சாம்."

"சரி, இதுலதான் வெச்சிருக்கேன்னு யாரு சொன்னா?"

"நீதான். எண்பத்தஞ்சுல ஊருக்குள்ள திருட்டு ஜாஸ்தியா இருக்கு, நகைய விதைநெல்லுல பொதச்சு வெச்சிருக்கேன்னு எனக்கு லெட்டர் எழுதல? முக்கியமானத நீ வேற எங்க வைப்ப?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிய கடிதம். எழுதியதே அவளுக்கு மறந்துவிட்டது.

"தெரிஞ்சும் ரெண்டு மாசமா தினம் பூத்துக்குப் போயிட்டு வந்தீங்களா? வாராவாரம் எறக்கி ஏத்துனீங்களே, அது? நான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனமெல்லாம் பண்ணியிருக்கேன், தெரியுமா?"

"என்னான்னு?"

"சிரிக்காதீங்க! வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?" ரெமிஜியஸின் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு கையைத் துடைத்தார். "எட்டுத் தடவ லீவுல வந்துட்டுப் போனேன். ஒரு தடவகூட இருங்கன்னு நீ சொன்னதில்ல. பஸ் ஸ்டாண்டுல நின்னு சிரிச்சுக்கிட்டு கையக் காட்டுவ. நான் இல்லாமலே ஒனக்கு எல்லாம் ஓடுது. இங்க நான் தொட்டதெல்லாம் உளுந்தாப் போவுது. சரி, வந்த விருந்தாளி கெளம்ப வேண்டியதுதான்னு இருந்தேன். நீ இத ஒளிச்சு வெச்சிருக்கன்னு தெரிஞ்சப்பதான்…" முடிக்காமல் கையையே மறுபடி மறுபடி துடைத்தார். "அன்னைக்கு நாகூர்லேந்து வர்ற வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தேன் அமலு."

கொட்டகைக்கு வெளியே வாய்க்கால் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. தான் சிரித்த சிரிப்பெல்லாம் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அமலோற்பவம் அன்றுதான் நினைத்தாள். அவரைத் தைரியமாக அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு வேண்டாதவராக அனுப்பியிருக்கிறாள், எட்டுத் தடவையும்.

"இருங்க" என்றாள். சொல்லிப் பார்த்தால் சின்ன வார்த்தை, எங்கேயும் இடிக்கவில்லை. "போவாதீங்க. எங்கயும் போவாதீங்க. எனக்கு நீங்க வேணும்."

"சரி" என்றார் ரெமிஜியஸ், சர்க்கரை டப்பா இங்கே இருக்கிறது என்று காட்டினால் சொல்வாரே, அதே மாதிரி.

"சரின்னா வாங்க. விதை மூட்டைய வாய்க்காலுக்குத் தூக்கணும். என்னால தனியா முடியாது."

முடியும்தான். பதினேழு வருஷமாகத் தனியாகத்தான் தூக்கினாள். அவர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் பிடித்து, சாக்கைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றைக் கரையில் நின்ற பூவரச மரத்தில் கட்டினார்கள். முடிச்சு அவர் போட்டதுதான். இழுத்துப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது.

நாளைக் காலை வரை விதை ஊற வேண்டும். அதுவரை வேலை ஒன்றும் இல்லை. அமலோற்பவம் முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு, ஒரு தூக்கில் மீன் குழம்பை எடுத்துக்கொண்டு வந்து காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பூமிக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது.

"எங்க?" என்றார் ரெமிஜியஸ்.

"நாகூருக்கு. லாத்தா தனியா இருக்காங்க. குடுத்துட்டு, அப்படியே வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வருவோம். மாதாகிட்ட இருபது மரியே சொல்லியும் தீராத கணக்கு ஒண்ணு இருக்கு."

"வளையத்த மாட்டிட்டுப் போவோமா? ஒரு நாள் வேலதான்."

"அது கெடக்கட்டும். கியர எப்புடிப் புடிக்கணும், அத மட்டும் சொல்லுங்க."

பின்பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், மாற்றும்போது மட்டும் விட்டுவிட வேண்டும் என்று காட்டினார். கம்பியின் தலை கோழிமுட்டை அளவில் உருண்டையாக இருந்தது, வெயிலில் சூடேறி இருந்தது. அவர் கிளட்சை இரண்டு தரம் மிதித்து இரண்டாவதில் இறக்கியதும் அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அது உயிருள்ள ஜந்து மாதிரித் திமிறியது. விடவில்லை. வாய்க்கால் பாலத்தில் நின்றிருந்த காளியம்மாள், "யம்மா! நீங்களுமா காருல எறங்கிட்டீங்க?" என்று கத்தினாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே.

மெயின் ரோடு முழுக்க வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள். காவி உடுத்தி, கொடி பிடித்து, சப்பரத் தேரைத் தள்ளிக்கொண்டு, கைக்குழந்தையோடும் நடந்தார்கள். கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒரு இடத்தில்கூட மூன்றாவதுக்குப் போக வழியில்லை. ரெமிஜியஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, பதினேழு வருஷ ஆசை தீர, ஒருத்தர் மேலும் இடிக்காமல் நெளித்து நெளித்து ஓட்டினார். கொட்டகையில் பார்த்த ஆள் இல்லை அது, வேறு ஆள்.

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டு வந்தது. எட்டுத் தடவை அவள் நின்ற அதே வேலி ஓரம், அதே பூக்கடை. மெட்ராஸ் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பெண் நின்று சிரித்துக்கொண்டே கையாட்டினாள். அதைப் பார்த்ததும் அமலோற்பவத்துக்கு எங்கேயிருந்துதான் வந்ததோ, உடம்பு குலுங்க, மூக்கு ஒழுக, நடந்து போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள். எட்டுத் தடவைக்கும் சேர்த்து அழுதாள்.

ரெமிஜியஸ் பதறிப்போனார். "அமலு, என்னாச்சு? ஓரமா நிறுத்தவா?"

"நிறுத்தாதீங்க" என்றாள். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வலது கை அசையவில்லை. "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. கியர நான் புடிச்சிருக்கேன்."